நிறைவுறாத கையின் மதிப்பு

சீட்டுக்கட்டைப் பற்றிய கட்டுரையொன்று கல்லூரி மலரில் இடம் பெறுவதைக் கண்டு முகஞ் சுளிப்போர் சிலர் இருத்தல் கூடும். சூதின் கேட்டைத் திருவள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் எடுத்துரைத்துவிட்டார். அதற்குமேல் அறிவுரை கூறும் எண்ணம் நமக்கில்லை. நாம் ஈண்டு எழுதப் புகுவது ஒரு கணக்கைப் பற்றியே. அக்கணக்கு நம்மிடம் வந்த வகையை மட்டும் மறைப்பதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர், விடுதிச் செலவுக்கென்று வீட்டிலிருந்து வந்த பணத்தைக் கைப்பேசி வாயிலாக ஒமாகா என்னும் சீட்டாட்டத்தில் இழந்துவிட்டு நம்மிடம் வந்தார். "ஐயா, பதின்மூன்று சீட்டுகள் எனக்கு உதவியாக இருந்தன. அவற்றுள் ஒன்று வரவும் வந்தது. வந்தும் தோற்றேன். இது விதியல்லாமல் வேறென்ன?" என்றார். விதியின்மேல் பழியைப் போடுமுன் கணக்கைப் பார்த்துவிடுவோம் என்று நாம் தாளும் பென்சிலும் எடுத்தோம். அன்று எழுதியதன் விரிவே இது.

ஒமாகா என்பது அமெரிக்காவில் நெபிராஸ்கா என்னும் மாநிலத்து நகரம் ஒன்றன் பெயர். ஆயினும் இவ்வாட்டம் பெயர் பெற்றது நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ் நகரத்திலேயாம். போக்கர் என்னும் ஆட்டத்தின் பல வகைகளுள் இஃது ஒன்று. 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஆடுவோர் ஒவ்வொருவர்க்கும் நான்கு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். பின்பு மேசையின்மீது யாவர்க்கும் பொதுவாக முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் முகங்காட்டி வைக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் நிகழும். கையிலுள்ள நான்கினுள் சரியாக இரண்டும், மேசையிலுள்ள ஐந்தினுள் சரியாக மூன்றும் சேர்த்து அமைத்த ஐந்து சீட்டுகளே ஒருவருடைய முடிவான கை. ஒரே எண்ணுள்ள மூன்று சீட்டுகளை மும்மை என்போம். அடுத்தடுத்த எண்களாக ஐந்து அமைந்தால் தொடர். ஒரே இனத்துச் சீட்டுகள் ஐந்து அமைந்தால் ஓரினம். மும்மையோடு இரட்டையும் சேர்ந்தால் புல் ஹவுஸ். இவற்றுள் முன்னதைப் பின்னது வெல்லும்.

'சரியாக இரண்டு' என்னும் விதியை மறந்து இடருற்றோர் பலர். மேசையில் நான்கு இஸ்பேடு கிடக்க, கையில் இஸ்பேடு ஆஸ் ஒன்று மட்டும் வைத்திருப்பவர் தமக்கு ஓரினம் அமைந்துவிட்டதென்று மகிழ்வர். அமையவில்லை. கையிலிருந்து இரண்டு இஸ்பேடு வேண்டும். அதுபோலவே கையில் நான்கும் இஸ்பேடாக இருப்பதும் சிறப்பன்று. பயன்படுவன இரண்டே, மற்ற இரண்டும் வரவேண்டிய இஸ்பேடுகளின் தொகையைக் குறைப்பனவே.

நிற்க. மேசையில் மூன்று சீட்டுகள் வைக்கப்பட்ட நிலையில் ஒருவருடைய கை இன்னும் அமையாமல், வரப்போகும் சீட்டை எதிர்நோக்கி நிற்குமாயின் அதனை நிறைவுறாத கை என்று கூறுவோம். அதனை நிறைவு செய்யவல்லது உதவிச் சீட்டு. நம் கையில் இரண்டு இஸ்பேடும் மேசையில் இரண்டு இஸ்பேடும் இருந்தால், 13 இஸ்பேடுகளுள் எஞ்சிய 9 உதவிச் சீட்டுகளாம். நாம் கண்டன ஏழு சீட்டுகள், காணாதன 45. ஆகவே அடுத்த சீட்டு இஸ்பேடாக இருக்கும் நிகழ்தகவு 45-இல் 9, அதாவது ஐந்தில் ஒன்று. இன்னும் வரவேண்டிய இரண்டனுள் ஒன்றேனும் இஸ்பேடாக இருப்பது நூற்றுக்கு 36.4. இவ்வளவும் பள்ளிக்கூடத்துக் கணக்கே.

முற்றுப் பெறாத ஆட்டத்துக்கு விலை மதிப்பது எவ்வாறு என்னும் வினாவிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. 1654-ஆம் ஆண்டில் தெ மெரே என்பார் எழுப்பிய வினாவொன்றைப் பற்றிப் பாஸ்கலும் பெர்மாவும் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். இருவர் தலைக்கு 32 பொன் வைத்து, மூன்று ஆட்டம் முதலில் வென்றவர்க்கே முழுத்தொகையும் என ஆடுகின்றனர். ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றுபோயிற்று. 64 பொன்னை எவ்வாறு பங்கிடுவது? அவ்வாண்டு ஜூலை 29-ஆம் நாள் எழுதிய கடிதத்தில் பாஸ்கல் காட்டிய வழி மிக எளியது. அடுத்த ஆட்டத்தில் முன்னவர் தோற்றாலும் இருவரும் சமமாவர். ஆதலின் 32 பொன் அவருக்கு உறுதி. எஞ்சிய 32 இருவரில் எவர்க்கும் செல்லக்கூடும். ஆதலின் அதிற் பாதி. ஆக 48 அவர்க்கு, 16 மற்றவர்க்கு. நடவாத ஆட்டத்துக்கு நியாயமான விலையொன்று உண்டு என்பதே இதன் கருத்து. (அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவில்தான் பாஸ்கலின் உள்ளம் முற்றும் இறைவன்பால் திரும்பிற்று. சூதின் கணக்கும் பக்தியும் ஒரே மனிதரிடத்தில், ஒரே ஆண்டில் நிகழ்ந்தன என்பது நமக்கு என்றும் வியப்பே.)

அவ்விலையை ஒமாகாவுக்குப் பொருத்துவோம். இவ்வாட்டத்தில் பெரும்பாலும் கையாளப்படும் விதிப்படி, நடுவில் சேர்ந்துள்ள தொகையின் அளவே பந்தயத்துக்கு உச்சவரம்பு. நடுவில் 100 காசு கிடக்கிறது; எதிரி 100 வைக்கிறார். நாம் தொடர வேண்டுமாயின் 100 வைக்க வேண்டும். ஆகமொத்தம் 300, அதில் நமது பங்கு மூன்றில் ஒன்று. ஆகவே மூன்றில் ஒருமுறையேனும் வெல்லக்கூடிய கைக்கே இவ்விலை தகும். அடுத்த ஒரு சீட்டை மட்டும் நோக்கின், 45-இல் மூன்றிலொன்று 15. ஒன்பது இஸ்பேடுகளை மட்டும் நம்பியவர் முழுப் பந்தயத்துக்கு ஈடு கொடுத்தால், ஐந்தில் ஒருமுறை வருவதற்கு மூன்றில் ஒருமுறை வருவதன் விலையைக் கொடுத்தவராவார்.

கையிற் சீட்டு நான்காதலால், இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு இணைகள் கிடைக்கும். இதனால் இரண்டு சீட்டு ஆட்டங்களிற் காணவியலாத பெருந்தொகையான உதவிச் சீட்டுகள் இங்கே தோன்றுகின்றன. மேசையில் 8, 7, 2 வெவ்வேறு இனங்களாகக் கிடப்பதாகக் கொள்வோம். நம் கையில் 10, 9, 6, 5. எந்தச் சீட்டு வந்தால் தொடர் அமையும்? நான்கு 4-களும் நான்கு ஜாக்கிகளும் உதவும். 5, 6, 9, 10 ஆகியவற்றில் கையிலுள்ளது போக மும்மூன்று உதவும். கூட்டினால் 20. அடுத்த சீட்டிலேயே அமைவது நூற்றுக்கு 44.4; இரண்டு சீட்டுகளில் 69.7. இன்னும் அமையாத கை, அமைந்த கையைக் காட்டிலும் வலியதாய் நிற்கும் விந்தையை இவ்வாட்டத்திற் காணலாம்.

அதே மேசைக்கு வேறொரு கையை எடுப்போம்: ஜாக்கி, 10, 9, 6. நான்கு 5-களும், 6, 9, 10, ஜாக்கி ஆகியவற்றுள் மும்மூன்றும் உதவும். மொத்தம் 16. முன்னதைவிட நான்கு குறைவு. ஆகவே முன்னதே சிறந்ததென்று மாணவர் எவரும் கூறுவர். நாமும் முதலில் அவ்வாறே கூறியிருப்போம்.

ஆனால், அமையும் தொடர் எத்தகையது என்றும் பார்த்தல் வேண்டும். அம்மேசையில் எவர் கையாலும் வெல்லப்படாத உயர்ந்த கையை முதற்கை என்போம். பதினாறு சீட்டுக் கையில் எந்த உதவிச் சீட்டு வந்தாலும் அமைவது முதற்கையே. 9 வந்தால் நம்மிடம் ஜாக்கி-10. 10 வந்தால் ஜாக்கி-9. ஜாக்கி வந்தால் 10-9. 6 வந்தாலும் 10-9. 5 வந்தால் 9-6. ஒவ்வொன்றிலும் அதைவிட உயர்ந்த தொடர் இல்லை. இருபது சீட்டுக் கையிலோ, 9 வந்தால் நம்மிடம் அமைவது 6 முதல் 10 வரையிலான தொடர். ஜாக்கி-10 வைத்திருப்பவர் நம்மை வெல்வார். 10 வந்தாலும் அவ்வாறே. ஜாக்கி-9 வைத்திருப்பவர் வெல்வார். ஆக ஆறு சீட்டுகள் நண்பர்போல் வந்து பகைவர்க்குத் துணைநிற்கக் கூடியவை. அவற்றைக் கழித்தால் இருபது 14 ஆகிவிடுகிறது. முழுப் பந்தயத்துக்கு வேண்டிய 15-ஐ அஃது எட்டவில்லை, 16 எட்டுகிறது.

நால்வர், ஐவர் ஆடும் மேசையில் இவ்வேறுபாடு பெரிது. ஒன்பது பேர் ஆடினால் 36 சீட்டுகள் கைகளிலேயே இருக்கும். ஒவ்வொருவரிடத்தும் ஆறு இணைகள். நமக்கு வந்த சீட்டினால் நமக்குமேல் ஒருவர்க்குத் தொடர் அமைந்திருக்கக் கூடும் என்பது வீண் அச்சமன்று. ஓரினத்திலும் இதுவே நிலை. ராஜாவைத் தலையாகக் கொண்ட ஓரினம் கண்ணுக்கு அழகியது. அதே இனத்து ஆஸையும் இன்னொன்றையும் வைத்திருப்பவர்க்கு அதனைக் காட்டிலும் இனிய விருந்து வேறில்லை.

இனி மறுபுறத்தையும் கூறவேண்டும். இல்லையேல் நாம் ஒருதலையாக எழுதினோம் என்பர். எதிரில் நிற்பவர் ஒருவரே. அவர் எதிர்பார்ப்பதும் தொடரன்று, அவரிடம் உள்ளது மும்மை எனக் கொள்வோம். அவர் கையில் 8, 8, ஆஸ், ராஜா. மேசையில் அதே 8, 7, 2. நம்மிடம் ஜாக்கி, 10, 9, 6. இரு கைகளிலும் நான்கு சீட்டுகள் நான்கு இனங்கள். ஆதலால் ஓரினம் எவர்க்கும் அமையாது. காணாத சீட்டுகள் 41. அவற்றிலிருந்து இரண்டை எடுக்கும் வகைகள் 820. இவற்றுள் 520 வகைகளில் நமக்குத் தொடர் அமையும். ஆனால் மேசையில் ஏதேனும் ஓர் எண் இரட்டித்துவிட்டால் எதிரியின் மும்மை புல் ஹவுஸாகிவிடும்; எஞ்சிய 8 வந்துவிட்டாலோ நான்கு எட்டுகள். 520-இல் 130 வகைகள் இவ்வாறு கைநழுவும். வெல்வன 390. அதாவது தொடர் அமைந்த நான்கு முறைகளில் ஒருமுறை அமைந்தும் தோல்வி. 820-இல் 390 நூற்றுக்கு 47.6.

இதே எதிரிக்கு முன் இருபது சீட்டுக் கையை வைத்தால் வெற்றி 446 வகைகள், நூற்றுக்கு 54.4. முன்பு நாம் தாழ்த்திக் கூறிய கை இப்பொழுது மேலோங்கிவிட்டது. காரணம் தெளிவு. மும்மை வைத்திருப்பவர்க்குத் தாழ்ந்த தொடரும் உயர்ந்த தொடரும் ஒன்றே. இரண்டும் அவரை வெல்லும். ஆகவே உதவிச் சீட்டின் தொகை முக்கியமா, தரம் முக்கியமா என்னும் வினாவுக்கு ஒரே விடை கிடையாது. எதிரில் ஒருவரே நின்று, அவர் கை அமைந்த கையாக இருப்பின் தொகையை நோக்குக. பலர் பணம் வைத்துப் பின்தொடர்ந்தால், அவர்களும் சீட்டை எதிர்நோக்கியிருப்போரே. அங்கே தரத்தை நோக்குக. முதன்மூன்று சீட்டு வந்தவுடன் எத்தனைபேர் நிற்கின்றனர் என்று எண்ணாமல் உதவிச் சீட்டுகளை மட்டும் எண்ணுவோர் பாதிக் கணக்கே செய்தவராவர்.

'இப்பொழுது விலை மிகினும், சீட்டு வந்தபின் எதிரியிடமிருந்து மேலும் பெறுவோமே' என்று சிலர் கூறுவதுண்டு. இதற்கும் கணக்குண்டு. நான்காம் சீட்டு வந்தபின், ஆஸைத் தலையாகக் கொண்ட ஓரினத்துக்கு 9 சீட்டுகளை எதிர்நோக்குகிறோம், காணாதன 44. நடுவில் 100, எதிரி வைத்தது 100. நாம் 100 வைத்தால் 44-இல் 35 முறை அந்நூறு போய்விடும். 9 முறை வெல்வோம். நட்டமின்றி நிற்க ஒவ்வொரு வெற்றியிலும் ஏறக்குறைய 389 காசு வரவேண்டும். 200 முன்னமே உள்ளது. எஞ்சிய 189-ஐ எதிரி கடைசியில் தரவேண்டும், அதுவும் சராசரியாக ஒவ்வொரு முறையும். மூன்றாம் இஸ்பேடு மேசையில் விழுந்ததைக் கண்ணுள்ள எதிரி காணமாட்டாரா? கண்டால் கொடார். தொடருக்கான சீட்டு அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லையாதலால் அங்கே இந்நம்பிக்கைக்குச் சிறிது இடமுண்டு. நம் கை முதற்கையல்லாதபோதோ இக்கணக்கு தலைகீழாகும். சீட்டு வந்தபின் மேலும் கொடுப்பவர் நாமே.

அமைந்த கைக்கும் எதிர்நோக்கு வேண்டும் என்பதே ஒமாகாவின் நுட்பம். மேசையில் 8, 7 இரண்டும் இஸ்பேடு, 6 ஆட்டின், 2 கிளாவர். இருவர் கையிலும் 10-9 உள்ளது. இருவர்க்கும் ஒரே முதற்கை. ஒருவரிடம் மேலும் இஸ்பேடு ஆஸும் ராஜாவும் உள்ளன. மற்றவரிடம் இஸ்பேடு ஒன்றுமில்லை, பயனற்ற 4-உம் 3-உமே உள்ளன. காணாத 40 சீட்டுகளில் 9 இஸ்பேடு. அவற்றுள் ஒன்று வந்தால் முன்னவர்க்கே முழுத்தொகை. வேறெது வந்தாலும் சரிபாதி. முன்னவர் தோற்கும் வழியே இல்லை. பின்னவர் தனித்து வெல்லும் வழியே இல்லை. பாஸ்கல் முறைப்படி 100 காசில் முன்னவர் பங்கு 61.25, பின்னவர்க்கு 38.75. தம்மிடம் முதற்கை இருப்பதால் பின்னவர் மகிழ்ச்சியோடு பணத்தை மேலும் மேலும் வைப்பார். வைக்கும் ஒவ்வொரு காசிலும் இழப்பே.

இவ்வாட்டம் திறமையா, யோகமா என்று நீதிமன்றங்களே வாதிட்டுள்ளன. தமிழ்நாட்டில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் ரம்மியையும் போக்கரையும் யோக விளையாட்டுகளாக அட்டவணையிற் சேர்த்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி, அவ்விரண்டையும் சேர்த்தது செல்லாதென்றது. 2025-இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, இவ்வேறுபாட்டையே பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்தது. நம் கருத்து யாதெனில், சீட்டு வருவதில் திறமை ஓர் அணுவளவும் இல்லை. வராத சீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதிலேயே அஃது உள்ளது. அத்திறமையும் பெரும்பாலும் 'வேண்டா' என்று சீட்டைக் கீழே வைக்கும் திறமையாகவே இருக்கும். மேலும், ஆட்டத்தை நடத்தும் மனையினர் ஒவ்வொரு தொகையிலிருந்தும் ஒரு பகுதியைத் தமக்கென எடுத்துக்கொள்வர். நூற்றுக்கு 47.6-உம் 54.4-உமாகிய சமநிலைக் கைகளில் அச்சிறு பகுதியே இலாபத்தை விழுங்கப் போதியது. பாஸ்கலின் 64 பொன்னில் இடையே புகுந்து பங்கு கேட்டவர் எவருமில்லை.

இனி நம் மாணவரின் கைக்கு வருவோம். அவர் கையில் 9, 8, 7, 3. மேசையில் ஜாக்கி, 10, 2. தமக்கு உதவுவன நான்கு ராணிகள், மூன்று 9-கள், மூன்று 8-கள், மூன்று 7-கள் என அவர் எண்ணியது பிழையன்று, பதின்மூன்றே. வந்தது ராணி; 8 முதல் ராணி வரை அவர்க்குத் தொடர் அமைந்தது. எதிரி காட்டியது ஆஸும் ராஜாவும். 10 முதல் ஆஸ் வரை அவர்க்குத் தொடர். பதின்மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் தம்மை வெல்லக்கூடிய இணையை எழுதுமாறு கூறினோம். ராணியின் எதிரில் ஆஸ்-ராஜா என்று எழுதினார். 9-இன் எதிரில் ராஜா-ராணி. 8-இன் எதிரில் சிறிது நேரம் சிந்தித்து, ராணி-9 என்று எழுதினார். 7-இன் எதிரில் எழுத ஒன்றுமில்லை. ஜாக்கி, 10, 7 கிடக்கும் மேசையில் 9-8 ஒன்றே முதற்கை. பத்தின்மேல் கோடிட்டார். எஞ்சியவை மூன்று ஏழுகள், 45-இல் 3. "இம்மூன்றுக்காகவா முழுப் பந்தயமும் வைத்தேன்?" என்று கேட்டுவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.